திருப்பக் கூடாத பீரோ

ஒரு பீரோ ஒரு வாசலில் நுழையுமா நுழையாதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு. டேப் பிடித்து அளந்ததில்லை. ஒரே ஒரு முறை தப்பியது. அது என் சொந்த வீட்டில். என் மகள் பல் டாக்டர் பரீட்சைக்குக் கிளம்பிய காலையில்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். (அதிலும் பாதிதான். மீதிப் பாதி மாடு மேய்த்தேன் என்று என் மனைவி அலமேலு ஊரில் சொல்கிறாள். மாடு இல்லை, ஆடு.) கள்ளக்குறிச்சியில் ஒரு பர்னிச்சர் கடையில் டெலிவரி வேலை. கடையின் குட்டி யானை வண்டியை நான் ஓட்டுவேன். தூக்குவதற்கு என்னோடு ஏழுமலை. நாங்கள் இரண்டு பேரும் கல்யாணச் சீர் இறக்காத ஊர் இந்தப் பக்கம் குறைவு. சங்கராபுரம், மணலூர்பேட்டை, மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரைக்கும். மலையில் பல வீடுகளுக்குக் குனிந்துதான் போக வேண்டும். அந்த வாசலில் ஆறரை அடி பீரோவை ஒரு கீறல் இல்லாமல் நுழைத்திருக்கிறோம். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாதி உள்ளே போனதும் ஏழுமலை "திருப்பு" என்பான். திருப்புவேன். உள்ளே போய்விடும். அவ்வளவுதான்.

மகள் பவித்ரா. ஒரே பிள்ளை. பன்னிரண்டாவது படிக்கும்போதே பல் டாக்டர் ஆகப் போகிறேன் என்றாள். ஏன் பல் என்று நான் கேட்கவில்லை. ஏழுமலை கேட்டான். வாய் நிறைய பாக்கோடு கேட்டான்.

"உன் வாய பாத்துதான் சித்தப்பா ஆசையே வந்துச்சு" என்றாள்.

நீட் எழுதினாள். மார்க் வந்தது. அரசுக் கல்லூரிக்குப் பத்தவில்லை. தனியார் கல்லூரியில் போய் விசாரித்தோம். விசாரித்ததோடு திரும்பி வந்தோம்.

அப்போதுதான் அவளுடைய பள்ளிக்கூட டீச்சர் ஒரு தகவல் சொன்னார். வெளிநாட்டில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. (ஊர் பேர் என் வாயில் வராது. குளிரான இடம்.) வசதி இல்லாத பிள்ளைகளுக்குச் சில இடங்களைப் படிப்பு, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் கொடுத்து எடுக்கிறார்கள். அதற்கு ஒரு பரீட்சை. சேலத்தில் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். ஒரு தடவைதான் எழுதலாம். இது கிடைக்காவிட்டால் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்வது என்று பவித்ராவே முடிவு செய்து, கடைக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். எங்கள் வீடு கச்சிராயபாளையத்தில். மலை அடிவாரம்.

உயிரியலும் வேதியியலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு பகுதிதான் வம்பு. அதில் படிக்க ஒன்றும் இல்லை. வெறும் படம். ஒரு காகிதத்தை இப்படி மடித்து அப்படி மடித்து ஓட்டை போட்டால், பிரித்த பிறகு ஓட்டை எங்கெங்கே இருக்கும். கட்டம் கட்டமாக அடுக்கிய கட்டைக்கு வெளியே பெயின்ட் அடித்தால் எந்தக் கட்டைக்கு எத்தனை பக்கம் பெயின்ட் பட்டிருக்கும். நான்கு மூலைகளில் எது சின்னது, எது பெரியது. ஒரு பொருளை மேலே இருந்தும் பக்கத்தில் இருந்தும் பார்த்தால் எப்படித் தெரியும். கடைசியாக, ஒரு கோணல்மாணலான பொருள் எந்த ஓட்டை வழியாகப் போகும்.

பல் பிடுங்கப் போகிறவளுக்கு இது எதற்கு என்று ஏழுமலை கேட்டான். வாய்க்குள் குட்டிக் கண்ணாடி விட்டுத் தலைகீழாகப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும், அதற்கு மனசுக்குள் திருப்பிப் பார்க்கிற சாமர்த்தியம் வேண்டும் என்று அவள் சொன்னாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

இதைச் சொல்லிக்கொடுக்க எங்கள் பக்கம் ஆள் கிடையாது. போனில் ஒரு பயிற்சி வகுப்பு பார்த்தாள். டை கட்டிய ஒருவர் வந்தார். "பொருளை உங்கள் மூளைக்குள் சுழற்றுங்கள்" என்றார். எப்படிச் சுழற்றுவது என்று தெரிய மேல் வகுப்பில் சேர வேண்டும் என்றார். மேல் வகுப்பிலும் அவரேதான் வந்தார். டை மட்டும் வேறே. அங்கேயும் சுழற்றுங்கள் என்றுதான் சொன்னார்.

பவித்ரா போனை வைத்துவிட்டாள். முகம் செத்துவிட்டது. அதைப் பார்க்க முடியாமல் நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"நான் பாக்கட்டா?"

அம்மாவும் மகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

மறுநாள் கட்டை அடுக்கும் கணக்கு. கட்டைக்கு எங்கே போவது. மரவள்ளிக்கிழங்கு இருந்தது. எங்கள் பக்கம் வேறு எது இல்லாவிட்டாலும் அது இருக்கும். சதுரம் சதுரமாக வெட்டினேன். அடுக்கினேன். வெளியே மட்டும் மஞ்சள் தடவினேன். எத்தனை கட்டைக்கு இரண்டு பக்கம் மஞ்சள் என்று அவள் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு பிரித்துப் பார்ப்போம். பிரித்த கேள்வியை அலமேலு குழம்பு வைத்துவிடுவாள். ஒரு மாதம் கேள்வியைத்தான் சாப்பிட்டோம். மகளுக்கு விடை சரியாக வர ஆரம்பித்தபோது எங்களுக்கு வயிறு சரியில்லாமல் போயிருந்தது.

மூலைக் கணக்குக்கு மலைக்குக் கூட்டிப் போனேன். டெலிவரி போகிற வழியில் வளைவு வளைவாக வரும். எந்த வளைவு இறுக்கம், எது தளர்வு என்று ஸ்டியரிங் பிடித்த கைக்குத் தெரியும். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வளைவுக்கும் கேட்டேன். முதல் நான்கு வளைவு சரியாகச் சொன்னாள். அடுத்த வளைவில் வாந்தி எடுத்தாள். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

காகிதம் மடிப்பதற்குத் தினசரி காலண்டர் தாள். கெட்டியாக இருக்கும், மடிப்பு நிற்கும். போன தேதி தாள் தீர்ந்த பிறகு வரப்போகிற தேதிகளைக் கிழித்தோம். மடித்து, ஊசியால் குத்தி, பிரித்து. அலமேலுவுக்கு நாள் நேரம் பார்க்காமல் ஒரு காரியம் ஓடாது. ஒரு நாள் காலண்டரைத் தூக்கிப் பார்த்தால் ஆணி தெரிந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் ராகுகாலமும் கெடையாது, எமகண்டமும் கெடையாது. எல்லாத்தையும் குத்திட்டீங்க" என்றாள்.

பிறகு ஓட்டைக் கேள்விக்கு வந்தோம்.

ஒரு படம் காட்டினாள். ஒரு பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டு, ஒரு பக்கம் பள்ளமாக ஒரு பொருள். கீழே ஐந்து ஓட்டை. நான் பார்த்தேன். மூன்றாவது என்றேன். விடையைப் பார்த்தாள். மூன்றாவது. அடுத்த படம். ஒன்றாவது என்றேன். ஒன்றாவது. எட்டு படத்துக்கு எட்டும் சொன்னேன். எப்படிப்பா என்றாள். தெரியவில்லை என்றேன். உண்மையும் அதுதான். எனக்கு அது எல்லாம் பீரோ.

என் வாழ்க்கையில் புத்தகத்தில் இருந்த ஒரு கேள்விக்கு நான் சரியாக விடை சொன்னது அன்றுதான். அத்தோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. டீக்கடையில் சொன்னேன். கடையில் சொன்னேன். சாமான் வாங்க வந்தவர்களிடம் சொன்னேன். வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிறவன் ஒரே வாரத்தில் மூன்று வருடத்துக்கான பேச்சைப் பேசித் தீர்த்தேன். பல் டாக்டர் பரீட்சையில் எனக்கு நூற்றுக்கு நூறு என்று. ஏழுமலை அன்றிலிருந்து என்னை டாக்டரே என்று கூப்பிட ஆரம்பித்தான்.

அதோடு, விதிமுறை படிக்கச் சொன்னேன். பவித்ரா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பொருளை நுழைப்பதற்கு முன்னால் எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் ஓட்டைக்குள் நுழைய ஆரம்பித்த பிறகு திருப்பக் கூடாது. நேராகப் போக வேண்டும்.

"திருப்பவே கூடாதா?"

"கூடாதுபா. அதான் ரூல்."

இரண்டு நாள் யோசித்தேன். இருபது வருடமாக நான் செய்துகொண்டிருந்தது தப்பு. படித்தவர்கள் உட்கார்ந்து எழுதிய விதி. வெளிநாட்டுக்காரன் எழுதியது. அவனுக்குத் தெரியாததா எனக்கும் ஏழுமலைக்கும் தெரியப் போகிறது. உள்ளே போன பிறகு திருப்புவது யோசிக்காதவன் வேலை. யோசிக்கிறவன் வெளியிலேயே யோசித்து முடித்துவிடுவான். இப்படி எனக்குப் புத்தி வந்தது.

புத்தி வந்த பிறகு வேலை வரவில்லை. வெள்ளிமலையில் ஒரு வீட்டு வாசல் முன்னால் பீரோவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். மூளைக்குள் சுழற்றினேன். அந்த வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தார். நான் இன்னும் சுழற்றிக்கொண்டிருந்தேன். பீரோவின் அந்த முனை ஏழுமலை தோளில்.

"ண்ணே. பீரோவ எறக்கறியா, இல்ல இதுக்குப் பூஜ பண்றியா?"

அன்றைக்கு எப்படியோ உள்ளே போய்விட்டது. திருப்பாமல் போனது என்று நான் நினைத்தேன். நான் கண்ணை மூடி யோசித்த நேரத்தில் திருப்பிவிட்டதாக ஏழுமலை பல மாதம் கழித்துச் சொன்னான்.

இப்போது எங்கள் வீட்டுப் பீரோ. ஊருக்கெல்லாம் பீரோ இறக்கிய என் வீட்டில் பீரோ இல்லை. துணி எல்லாம் இரும்புப் பெட்டியில். அலமேலு இதை வருடத்துக்கு ஒரு முறை சொல்வாள், தீபாவளிக்கு. அந்த மாதம் கடை கோடவுனில் ஒரு பீரோ இருந்தது. பக்கவாட்டில் ஒடுங்கியிருந்ததால் யாரும் எடுக்கவில்லை. முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்க வேண்டும், புது லோடு வருகிறது என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பரீட்சை.

பன்னிரண்டு மணிக்குப் பரீட்சை. பதினொன்றரைக்கு கேட் சாத்திவிடுவார்கள். ஒரு நிமிடம் தாண்டினாலும் விடமாட்டோம் என்று ஹால் டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கள்ளக்குறிச்சி போய், சேலம் பஸ் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

அலமேலு எங்கள் ஓட்டைத் தாள்களைத் தேடி அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுத்தாள். எட்டு ஓட்டை இருந்தது. நல்ல நேரம் மட்டும் தப்பியிருந்தது. காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால்.

"ஒரு மணி நேரம் இருக்குது. ரெண்டையும் முடிச்சிடலாம். மொதல்ல பீரோ உள்ள வரட்டும். லட்சுமி வந்த பிறகு பொண்ணு வெளிய போவட்டும். அதுவரைக்கும் அவ அறைய வுட்டு வெளிய கால் வைக்கக் கூடாது."

அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. தொகுப்பு வீடு எங்களுடையது. முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் சமையல், கூடத்தை ஒட்டி நீட்டு வாக்கில் ஒரு சந்து. அந்தச் சந்துதான் அறை. உள்ளே நுழைந்தால் ஐந்தடியில் எதிர்ச் சுவர். அந்தச் சுவரில் அவள் பரீட்சைப் புத்தகம் வைக்க நானே ஒரு பலகை அடித்துக் கொடுத்திருந்தேன். ஒரு ஜன்னல். அதற்குக் கம்பி.

ஞாயிறு காலை ஏழரைக்கு நானும் ஏழுமலையும் பீரோவைக் கூடத்தில் இறக்கினோம். வண்டியில் இன்னும் ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் இருந்தது. பவித்ராவைப் பஸ் ஏற்றிவிட்டு அதைச் சங்கராபுரத்தில் இறக்க வேண்டும். அவள் குளித்து, புது சுடிதார் போட்டு, ஹால் டிக்கெட் பையோடு அறைக்குள் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஏழே முக்கால் ஆனது. அலமேலு சூடம் காட்டினாள். நாங்கள் பீரோவைப் பக்கவாட்டில் நிறுத்தி, தலையை முன்னால் சாய்த்துத் தூக்கினோம். நிலை ஆறடி. பீரோ ஆறரை. சாய்த்தால் போகும். தலை உள்ளே போனது. பாதி உள்ளே போனது.

"திருப்பு" என்றான் ஏழுமலை.

நான் திருப்பவில்லை.

"ண்ணே, திருப்பு."

"உள்ள போனா திருப்பக் கூடாது. நேரா தள்ளு."

"யார் சொன்னா?"

"ரூல்."

ஏழுமலை என்னைப் பார்த்தான். சொந்த வீடு, சொந்தப் பீரோ, என்னவோ பண்ணு என்கிற பார்வை. இரண்டு பேரும் தம் பிடித்து நேராகத் தள்ளினோம்.

பரீட்சைப் படத்தில் ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது. வெறும் வெள்ளைத் தாள்தான். என் வீட்டில் அந்தப் பக்கம் பலகை இருந்தது, சுவர் இருந்தது, என் மகள் இருந்தாள்.

பீரோவின் தலை பலகைக்கு அடியில் போய் முட்டியது. அடிப்பக்கம் சறுக்கிக் கோணலாகி நிலையில் அடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தோம். பீரோவின் கைப்பிடி நிலையைத் தாண்டி உள்ளே போய்க் கொக்கி போட்டிருந்தது. முன்னால் பலகை. பின்னால் கைப்பிடி. இப்போது திருப்பலாம் என்று நானே சொன்னேன். திருப்ப இடம் இல்லை.

மேலே புத்தகம் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் உள்ளே இருந்து ஒரு குரல்.

"அப்பா. நான் எப்புடி வெளிய வர்றது?"

சூடம் அணைந்திருந்தது.

ஏழுமலை ஜன்னல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து ஆட்டினான். அந்த வீட்டில் நான் உறுதியாகச் செய்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். அது ஆடவில்லை. கடப்பாரை கேட்டு ஒரு பக்கம் ஓடினான். ஞாயிற்றுக்கிழமை, கொத்தனார் எல்லாம் கறிக்கடையில். எட்டு மணி ஆனது. எட்டே காலும் ஆனது. கள்ளக்குறிச்சி பஸ் எங்கள் தெரு முனையில் ஆரன் அடித்துவிட்டுப் போனது. அலமேலு பீரோவின் மேல் கையை வைத்து அப்படியே நின்றாள். ஒன்றும் திட்டவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னைத் திட்டாமல் நின்ற ஒரே நேரம் அது. ஜெராக்ஸ் கடை என் கண்ணுக்குத் தெரிந்தது. என் மகள் அங்கே நின்று பேப்பர் அடுக்குவதும் தெரிந்தது. பக்கத்தில் நின்று முதலாளி எத்தனை பக்கம் என்று கேட்கிறார்.

"அப்பா" என்றாள் மறுபடியும். குரல் நிதானமாக இருந்தது. "அழுது முடிச்சிட்டேன். உன் பக்கம் சந்து எப்டி இருக்குதுன்னு சொல்லு."

நான் குனிந்து பார்த்தேன். பீரோ கோணலாக நின்றதால் நிலைக்கும் அதற்கும் நடுவே இடது பக்கம் ஒரு சந்து. கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகல். முக்கோணம்.

"கீழ ஒரு சாணும் நாலு வெரலும். இடுப்பு ஒசரத்துல ஒரு சாணுக்குக் கம்மி."

"என் பக்கம் வேற மாதிரி இருக்குது. கீழ பீரோ கைப்பிடி நீட்டிக்கினு இருக்குது. அந்தக் கைப்பிடி உன் பக்கம் தெரியுதா?"

"இல்ல."

"அப்ப படுத்துக்கினுதான் வரணும். மல்லாந்து வர முடியாது. பக்கவாட்டுல."

கைப்பிடியைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. சுழற்றுகிறாள் என்று தெரிந்தது. முதலில் ஹால் டிக்கெட் பை வந்தது. பிறகு ஒரு கை. பிறகு தலை. தோள் வந்தது. அங்கே நின்றுவிட்டது. இடுப்பு பீரோவின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. நான் தரையில் படுத்து அவள் கையைப் பிடித்தேன். முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. கன்னத்தில் துரு.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும்.

"நேரா வா. திருப்பிடாத" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் இன்னா கேள்வித்தாளாபா? ஆளு. திரும்புவேன்."

திரும்பினாள். இடுப்பை மேலே தூக்கி, ஒரு புரட்டுப் புரண்டு, கையை ஊன்றினாள். வந்துவிட்டாள். துப்பட்டா வரவில்லை. சுடிதார் கையில் ஒரு கிழிசல்.

அலமேலு அதற்குள் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். எட்டே முக்கால் தாண்டி இரண்டு நிமிடம்.

"தல வந்தப்ப எட்டு நாப்பது. தல வந்தாலே கெளம்புனதா கணக்கு" என்றாள். பிறகு பீரோவைப் பார்த்தாள். "இதுவும் தல உள்ள போனது நல்ல நேரத்துலதான்."

பஸ்ஸை நம்ப முடியாது. குட்டி யானையை எடுத்தேன். பவித்ரா பக்கத்தில். பின்னால் சங்கராபுரத்து டிரெஸ்ஸிங் டேபிள். கள்ளக்குறிச்சியைத் தாண்டும்போது முதலாளி போன் அடித்தார். சின்னசேலத்தில் அடித்தார். ஆத்தூரில் அடித்தார். நான் எடுக்கவில்லை. எடுத்தால் பேச வேண்டும். பவித்ரா வாழப்பாடி தாண்டி ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏன்பா, அந்த ரூல நம்புன?"

"நீ படிச்சி சொன்ன இல்ல."

அப்புறம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினொன்று இருபத்தைந்துக்குப் பரீட்சை நடக்கும் கட்டடத்தின் கேட் முன்னால் வண்டி நின்றது. மற்ற பிள்ளைகள் கார்களில் வந்து, அப்பா அம்மாவிடம் நெற்றியில் முத்தம் வாங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். என் மகள் வண்டியின் பின்னால் ஏறி, டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியில் ஒட்டியிருந்த பேப்பரைக் கிழித்தாள். முகத்துத் துருவைத் துடைத்தாள். தலையை வாரினாள். கிழிசலுக்கு ஊக்கு குத்தினாள். பொட்டு வைத்தாள். கேட்டில் நின்ற காவலாளி, மணப்பெண்ணை எதற்கு இங்கே கூட்டி வந்தீர்கள் என்று கேட்டார். நான் ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அவள் இறங்கி ஓடினாள். பின்னால் கேட் சாத்தினார்கள்.

மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளே சொன்னாள். ஓட்டைக் கேள்வி பதினைந்தும் போட்டாளாம். அதில் ஒன்று அச்சு அசல் எங்கள் பீரோவாம். கைப்பிடி உட்பட. சிரிப்பு வந்துவிட்டதாம். மேற்பார்வை பார்த்த மேடம் எழுந்து வந்து முறைத்தாராம்.

"திருப்புனியா?" என்று கேட்டேன்.

"மனசுக்குள்ள திருப்புனேன். அவங்களுக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்தால் ஏழுமலை கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பீரோ அப்படியே இருந்தது. நாங்கள் போன பிறகு அலமேலு என்னைத் திட்ட ஆரம்பித்திருக்கிறாள். கேட்க நான் இல்லாததால் அவன் கேட்டிருக்கிறான். மறுநாள் கொத்தனார் வந்து நிலையைப் பெயர்த்தார். பீரோ வெளியே வந்தது. மறுபடி உள்ளே கொண்டுபோகட்டுமா என்று நான் கேட்டேன். அலமேலு கொத்தனாருக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பினாள். பீரோ கூடத்திலேயே நின்றது. இன்றைக்கும் அங்கேதான், ஒடுங்கிய பக்கம் சுவரைப் பார்த்து. சங்கராபுரத்துக்காரர்கள் சேலம் பார்த்து வந்த டிரெஸ்ஸிங் டேபிளை வாங்கிக்கொண்டார்கள். கண்ணாடியில் ஏன் பேப்பர் இல்லை என்று மட்டும் கேட்டார்கள். முதலாளி என்னை ஒரு வாரம் கோடவுன் பெருக்கவிட்டார்.

இடம் கிடைத்தது. போனாள். இப்போது நான்காவது வருடம். அறைக்கு இன்னும் நிலை வைக்கவில்லை. திரைதான். அவள் வரும்போது அதிலிருந்து நேராக வெளியே நடந்து வரலாம்.

எங்கள் வீட்டில் இப்போது எது மாட்டிக்கொண்டாலும் ஒரே வார்த்தைதான். மிக்ஸி மூடி திறக்காவிட்டால், கொலுசு கழலாவிட்டால், தெரு முனையில் லாரி வளைய முடியாமல் நின்றால் அலமேலு என் பக்கம் பார்த்து "திருப்பாதீங்க, ரூல்" என்பாள். மலை மேலேயும் பரவிவிட்டது. வெள்ளிமலையில் பீரோ இறக்கப் போனால் வாங்கினவர்களே முதலில் கேட்கிறார்கள், திருப்புவீங்களா மாட்டீங்களா என்று. ஏழுமலை எனக்கு முந்தி பதில் சொல்கிறான். "டாக்டர் இப்பல்லாம் திருப்பறாரு."

போன மாதம் பவித்ரா போன் செய்தாள். முதல் முறையாக ஒருத்தருக்குப் பல் எடுத்தாளாம், அவர்கள் டாக்டர் பக்கத்தில் நிற்க. ஏழுமலையும் என் பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"நேரா இழுத்தா வராதுபா. உள்ளயே ஒடிஞ்சிடும். பிடிச்சிட்டு, மெதுவா, லேசா திருப்பணும். எங்க சார் மொத நாளே சொன்னாரு, திருப்பத் தெரியாதவன் பல்லைத் தொடக் கூடாதுன்னு."

நான் ஸ்பீக்கரை அணைக்கப் பட்டனைத் தேடினேன்.

ஏழுமலை வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு வந்து போனுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"அம்மாடி, அத இன்னொரு தபா சொல்லு. உங்க அப்பா காதுல மெதுவா நொழையட்டும்."